ஒரு முழங்காலும் ஒரு உருண்டை சக்கைப் பசையும்

அன்று உள்ளரங்கத்தில் இருந்தவர்கள்: இரண்டு அணியிலும் சேர்த்து இருபது பெண்கள், நடுவர்கள் இருவர், இருவருமே பள்ளிக்கூட டிரில் சார்கள், மாவட்ட ஹேண்ட்பால் சங்கத்தின் செக்ரட்டரி, அவர் கையில் பொன்னாடையைப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே வந்திருந்த ஜாயின்ட் செக்ரட்டரி, ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் மென்பொருள் கம்பெனி நடத்தும் ஸ்பான்சர், அவர் மனைவி, அவர்கள் கூட்டிவந்த வீடியோக்காரர், அந்தக் கம்பெனியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை போயிற்றே என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்த அறுபது ஊழியர்கள், ஹால் காவலர் சுகுமாரன், ஹைக்கே என்கிற ஜெர்மன்காரி, கோலில் நான். டாக்டர் இல்லை. ஆம்புலன்ஸ் இல்லை. ஒரு பை ஐஸ்கூட இல்லை. பொன்னாடை மட்டும் ஒன்பது இருந்தது.

கோலில் நிற்கப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, எந்த ஆட்டத்துக்குப் போனாலும் முதலில் இதைப் பாருங்கள். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை. பொன்னாடை இருந்து ஐஸ் இல்லாத இடத்தில் ஆட்டக்காரிக்கு என்ன மதிப்பு என்பது தெரிந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிறவள். அப்பா சாலைக் கடைத்தெருவில் அப்பளம் மொத்த வியாபாரம், வலியசாலையில் வீடு. ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் வாந்தி எடுப்பேன். ஒன்பதாம் வகுப்போடு, வாந்தியும் வேண்டாம் பரீட்சையும் வேண்டாம் என்று அப்பா நிறுத்திவிட்டார். அதற்குள் டிரில் டீச்சர் என்னைக் கோலில் நிறுத்தியிருந்தார். திறமையைப் பார்த்து நிறுத்தவில்லை. அங்கே நிற்க வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆனால் உலகத்திலேயே பயந்தவர்களுக்கென்று ஏற்பட்ட வேலை அது ஒன்றுதான். 'இவள் இங்கே அடிப்பாளோ, அங்கே அடிப்பாளோ' என்று கவலைப்படுவதற்குச் சம்பளம். பத்தாம் வகுப்பு இல்லாததால் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை எனக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் தினக்கூலிக்குச் சேர்ந்து, வலை கட்டி, கோடு போட்டு, கோல்கீப்பர் பிள்ளைகளுக்குப் பந்து எறிந்து, அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டேன். தினக்கூலிக்காரிக்கு ஓய்வு என்றால், மறுநாள் வர வேண்டாம் என்று சொல்வது.

ஹைக்கே இங்கே ஆடுவதற்காக வந்தவள் அல்ல. முழங்காலைக் காப்பாற்ற வந்தவள். ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. அங்கே காலையில் எண்ணெய் போட்டுக்கொண்டு, மாலையில் மெல்ல நடப்பாள். ஒருநாள் எங்கள் சிமெண்ட் தரையில் பயிற்சி நடக்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் தலை தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ கத்தியது.

"அக்கா, உங்களத்தான்" என்றாள் ஷீபா. ஷீபா எங்கள் அணிக்காரி, பாறசாலைப் பெண். வார நாட்களில் கழக்கூட்டத்தில் ஃபோனில் அமெரிக்கர்களிடம் திட்டு வாங்குவது வேலை. அதனால் அணியில் இங்கிலீஷுக்கு அவள்தான். "பந்து கைய விட்டு வர்றதுக்கு முன்னமே நீங்க விழுந்துருதீங்களாம்."

"முன்னமே விழுந்தாத்தானே அடிபடாம விழலாம்னு சொல்லு."

ஷீபா சொன்னாள். மதில் சிரித்தது. மறுநாள் முதல் ஹைக்கே கேட் வழியாக வந்தாள்.

அவள் கதையை ஷீபா மூலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டோம். பதினாறு வயதில் தொடங்கி, அவர்கள் நாட்டின் முதல் டிவிஷன் லீக்கில் ஆடியவள். இடது பக்கத்திலிருந்து ஓடி வந்து, ஒற்றைக் காலில் எம்பி, ஆகாயத்தில் நின்று அடிப்பதில்தான் அவளுக்குப் பெயர். எங்களூரில் இதற்குச் சாட்டம் என்று சொல்வார்கள். முதல் கிளப் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பழைய கார் கொடுத்தது. அதற்குப் பின் கதவு திறக்காது. இரண்டாவது கிளப் சீசன் நடுவில் திவாலானது. ஆட்டக்காரிகள் அதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மூன்றாவது கிளப்பில் இருந்தபோது விடியற்காலையில் ரொட்டி வண்டி ஓட்டி, பகலில் தூங்கி, மாலையில் ஆடினாள். நாட்டு அணிக்குச் சில முறை கூப்பிட்டார்கள். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இதற்கிடையில் இடது முழங்காலை மூன்று தடவை வெட்டித் தைத்தார்கள். நாற்பது வயதில் இப்போது ரொட்டிக் கடையில் நாள் முழுக்க நின்று விற்கும் வேலை. இன்னொரு தடவை முழங்கால் திருகினால் மூட்டையே மாற்ற வேண்டும் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் நிற்க முடியாது. நிற்க முடியாவிட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். சேர்த்து வைத்த காசையெல்லாம் எடுத்துக்கொண்டு, இங்கே எண்ணெய் போட வந்துவிட்டாள்.

எங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஜெர்மனியில் ஆட்டக்காரிக்கு பங்களா இருக்கும், முன்னால் நீச்சல் குளம் இருக்கும் என்று நினைத்திருந்தோம். அங்கேயும் ரொட்டி வண்டிதான் என்று தெரிந்ததும் ஒருத்தி, "அப்போ நம்ம மாதிரியாக்கும்" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அவளுக்கும் எங்களுக்கும் நடுவே ஒட்டியது பலாப்பழப் பசை. ஹேண்ட்பாலில் பந்து கையில் நிற்க மரப்பிசின் தடவுவார்கள். அவளுடைய பிசின் டப்பாவை ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டார்களாம். பிசினுக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால், நாங்கள் பள்ளிக்கூட நாளிலிருந்து தடவுவது சக்கைப் பசை. பலாப்பழம் வெட்டும்போது வழிகிற பாலை ஒரு குச்சியில் சுற்றி உருட்டி வைத்துக்கொள்வோம். வீடுகளில் ஓட்டை வாளி அடைக்கிற அதே சாமான். ஹைக்கே விரலில் தொட்டு, முகர்ந்து, பந்தை உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தாள். விழவில்லை. தன் ஷூ மேலே ஒரு பொட்டு அப்பிக்கொண்டாள், ஆட்டத்தின் நடுவே தொட்டுக்கொள்ள. அன்று முதல் அவள் எங்களவள்.

செக்ரட்டரிக்கு விஷயம் எட்டியது மறு வாரம். அவரும் பாறசாலைக்காரர்தான். மேடையில் மலையாளம், டீக்கடையில் தமிழ், கணக்குக் கேட்டால் மௌனம். ஹாஸ்டல் முற்றத்தில் வந்து நின்று ஹைக்கேயை மேலும் கீழும் பார்த்தார், தம்பானூர் லாட்ஜில் ரூம் பார்க்கிற மாதிரி.

"ஒலிம்பிக்ஸ்ல ஆடியிருக்காளா?"

ஷீபா கேட்டுச் சொன்னாள். "டிவில பாத்திருக்காங்களாம் சார். முட்டில ஐஸ் வச்சிட்டு."

"பாத்தாச்சு இல்லியா? அது போரும்."

மூன்றாம் நாள் ஃப்ளெக்ஸ் வந்தது. ஹைக்கேயின் முகம் ஒரு ஓரத்தில், செக்ரட்டரியின் முகம் நடுவில், 'ஒலிம்பிக் நட்சத்திரம்' என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும். யார் நட்சத்திரம் என்று புரியாதபடி அமைத்திருந்தார்கள். கண்காட்சி ஆட்டம் ஒன்று, ஸ்பான்சர் தயார், ஹைக்கேக்கு நாற்பதாயிரம் ரூபாய். மீதி இருந்த சிகிச்சைக்கு அந்தத் தொகை அப்படியே சரியாக இருக்கும். அவள் காசு ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்த சமயம் அது.

வைத்தியசாலை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எண்ணெய் இறங்கின முட்டு, ஈர மண்ணாக்கும். சிகிச்சை முடியிறது வரைக்கும் ஓடாண்டாம், சாடாண்டாம்."

ஹைக்கே யோசித்து ஒரு வழி கண்டாள். ஹேண்ட்பாலில் பெரிய தப்புக்கு ஏழு மீட்டர் எறி என்று ஒன்று கொடுப்பார்கள். கால்பந்துப் பெனால்டி மாதிரி. எறிகிறவள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒரு கால் தரையை விட்டு எழும்பக் கூடாது. 'ஏழு மீட்டர் கிடைக்கும்போது மட்டும் உள்ளே வருவேன், அடிப்பேன், போய் உட்காருவேன்' என்றாள். செக்ரட்டரி தலையை ஆட்டினார். எங்களூர்த் தலையாட்டலில் ஆமாம் எது, இல்லை எது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

எதிர் அணிக் கோலில் நான். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. "அவ அடிக்கிறத வாங்கத்தானே, பகவதி போரும்" என்று செக்ரட்டரி தீர்மானித்திருந்தார்.

முதல் பாதி சிரிப்பாக நடந்தது. ஆட்கள் ஜெர்மன்காரியைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள். எங்கள் பெண் ஒருத்தி தும்மினால் ஏழு மீட்டர். எதிரியின் நிழலை மிதித்தால் ஏழு மீட்டர். நடுவர் விசில் ஊதிவிட்டுச் செக்ரட்டரியைப் பார்ப்பார். சில நேரம் பார்த்துவிட்டு ஊதுவார். ஹைக்கே எழுந்து வருவாள், மெதுவாக, கல்யாணப் பந்தியில் இடம் தேடுகிறவள் மாதிரி. நிற்பாள். கை போகும். நான் வலது பக்கம் விழுந்திருப்பேன், பந்து இடது பக்கம் வலையில் இருக்கும். அறுபது ஊழியர்களும் கைதட்டுவார்கள். ஒன்றே ஒன்றை நான் காலால் தடுத்தேன். அதற்கு ஒருத்தரும் தட்டவில்லை, செக்ரட்டரி முறைத்தார்.

இடைவேளையில்தான் வினை வந்தது. ஸ்பான்சர் வீடியோக்காரரின் ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் நின்னுட்டு எறியறாங்க. கம்பெனி பேஜ்ல போடணும்னா அந்தப் பறக்கிறது வேணும். யூடியூப்ல பாத்தேனே, அது."

செக்ரட்டரி ஹைக்கேயின் பெஞ்சுக்கு வந்தார். பக்கத்தில் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஷீபா, சொல்லு மோளே. ஒரே ஒரு சாட்டம். ஒண்ணே ஒண்ணு. இல்லேன்னா ஸ்பான்சர் பைசா தர மாட்டாரு. அவரு தராம நான் எங்கேருந்து எடுத்துத் தர?"

ஷீபாவின் முகம் செத்துப்போயிற்று. சொன்னாள். நான் ஹைக்கேயைப் பார்த்தேன். மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பளபளவென்று வெளிநாட்டு மரப்பலகை. கோலைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை. இடது காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செக்ரட்டரி நெருக்கியதால் மட்டும் அவள் சம்மதிக்கவில்லை. அவளுக்கே சாட வேண்டும் போலிருந்தது. பல வருஷமாக ரொட்டி விற்ற கால், இன்னொரு தடவை ஆகாயத்தில் நிற்க ஆசைப்பட்டது. ஆட்டக்காரியைக் கெடுக்க செக்ரட்டரி எதற்கு? அவளே போதும்.

"ஓகே" என்றாள். "ஒன்."

இரண்டாம் பாதி தொடங்கியது. அவள் இடது ஓரத்தில் வந்து நின்றாள். அவளிடம் பந்து போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஏனென்றால் அவள் அணிக்கு நான் உருட்டிக் கொடுக்க வேண்டிய பந்து என் கையில் இருந்தது. கோல்கீப்பரின் வாழ்க்கையே அந்தக் கொஞ்ச நேரம்தான். என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கத்தலாமா? யார் கேட்பார்கள். மயங்கி விழலாமா? பொன்னாடை போர்த்தி வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ஆடுவார்கள். முன்னால் ஓடிப்போய் அவளை மறிக்கலாமா? சாடுகிறவள் வழியில் நின்றால் என் மேலே விழுந்துதான் முழங்கால் திருகும்.

அப்போது கண்ணில் பட்டது சுகுமாரன்.

சுகுமாரன் யார் என்றால், அந்த மரத்தரையின் காவலர். காவலர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். அவர் நினைப்பில் அவர் புருஷன். மந்திரி வந்தாலும் செருப்பைக் கழற்றிக் காட்டச் சொல்வார். வெளியே ஷூ போட்டு நடந்த பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். அந்தத் தரையில் பிசின் கூடவே கூடாது. ஒரு சொட்டுப் பட்டாலும் ஆட்டம் காலி. மனுஷர்கள் மேல் அவருக்கு இரக்கம் இருந்து நான் பார்த்ததில்லை. தரை விஷயத்தில் கடவுளுக்கும் பயப்பட மாட்டார்.

என் கோல் கம்பத்தடியில் துண்டு, துண்டுக்குள் ஒரு பழைய கண்மை டப்பா, அதில் ஒரு உருண்டை சக்கைப் பசை. ஹாலில் தடவ மாட்டேன். ஆனால் அது பக்கத்தில் இல்லாமல் நிற்கவும் மாட்டேன். பயந்தவள் என்று சொன்னேனே.

முகம் துடைக்கிற மாதிரி குனிந்தேன். உருண்டை முழுவதையும் பந்தின் மேல் தேய்த்தேன், அப்பளத்துக்கு எண்ணெய் தடவுகிற தாராளத்தோடு. பந்தைத் தரையில் தட்டி உருட்டி விட்டேன்.

அந்தப் பந்து நடுக்கோடு வரை போன பாதை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. வெள்ளை வேட்டியில் வெற்றிலை துப்பின மாதிரி. அன்றைக்கு ஹைக்கே பக்கம் ஆடிய ஷீபா பந்தை எடுத்தாள், உதறினாள், கையை விட்டுப் போகவில்லை. ஹைக்கே ஓட ஆரம்பித்து, பந்து வராததால் நின்றாள்.

ஒரு விசில். நடுவர் ஊதியதல்ல. சுகுமாரனிடம் சொந்த விசில் இருந்தது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

"ஆருடா என்றெ தரையில அரக்கு வச்சது?"

"சுகுமாரா, ரெண்டு மினிட்டு" என்று செக்ரட்டரி ஓடி வந்தார், ஷூவோடு. "ஒரு சாட்டம் கழிஞ்சா தீந்துச்சு. பின்னெ தொடச்சிக்கலாம்."

"தொடச்சா போறதா சாரே இது? சக்க அரக்கு! வீட்டில எனக்கும் பிலாமரம் உண்டு. ஒரு பலகைக்கு என்ன வெலைன்னு அறியாமோ? சாரே, அந்த ஷூ! ஷூ!"

"ஸ்பான்சர் இருக்காருடே!"

"ஸ்பான்சரக் கொண்டு நக்கித் தொடைக்கச் சொல்லுங்கோ."

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். அறுபது ஊழியர்களும் அன்றைக்கு முதல் தடவையாக மனதாரக் கைதட்டினார்கள், வீட்டுக்குப் போகலாமே. அரை இருட்டில் ஹைக்கே ஷீபாவின் கையிலிருந்து பந்தைப் பிய்த்து எடுத்து முகர்ந்தாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

உடை மாற்றும் அறையில் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நீங்களும் இப்போது அப்படித்தான் எதிர்பார்க்கிறீர்கள், தெரியும்.

"அக்கா," என்றாள் ஷீபா, "அது யாரு முட்டுன்னு கேக்குதாங்க."

"அவங்க முட்டுதான்னு சொல்லு."

"அப்பம் முடிவு ஆரு எடுக்கணும்னு கேக்குதாங்க."

"அவங்கதான்."

"பின்ன நீங்க எதுக்கு எடுத்தீங்கன்னு..."

"பயந்துட்டேன்னு சொல்லு."

ஷீபா சொன்னாள். ஹைக்கே சத்தம் போடவில்லை. ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே ரொட்டி விலை சொல்கிற குரலில் ஏதோ சொன்னாள். ஷீபா என்னைப் பார்க்காமல் மொழிபெயர்த்தாள்.

"பயம் உங்களுக்கு, பில்லு எனக்கான்னு கேக்குதாங்க."

செக்ரட்டரி பணம் தரவில்லை. ஆட்டம் முழுசாக நடக்கவில்லையே, ஸ்பான்சர் கோபத்தில் இருக்கிறாரே என்றார். சும்மா அனுப்பக் கூடாது என்று ஒரு பொன்னாடை போர்த்தினார். மீதி எட்டும் யாருக்குப் போயிற்றோ. பசை வைத்தது யார் என்று அவர் விசாரிக்கவில்லை. சுகுமாரனைத் திட்டுவதில் அவருக்கு நேரம் சரியாக இருந்தது. இன்றைக்கும் கூட்டங்களில் 'ஒலிம்பிக் நட்சத்திரத்தைக் கொண்டுவந்தவன் நான்' என்று பேசுகிறார். ஜாயின்ட் செக்ரட்டரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. நான் செய்தது சரியா? அவள் சாடியிருந்தால் ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். பூ மாதிரி இறங்கி, நாற்பதாயிரத்தையும் வாங்கியிருக்கலாம். நடக்காமல் போனதை எப்படிப் பார்ப்பது? உள்ளே போன பந்துக்குத்தான் ஸ்கோர் போர்டில் இடம். தடுத்ததை எழுத இடமே கிடையாது. ஆனால் அவள் கேட்ட கேள்வி மட்டும் சரியான கேள்வி. அடுத்தவள் உடம்பைப் பற்றி அவளைக் கேட்காமல் முடிவெடுக்கிற வேலையைத்தான் செக்ரட்டரி செய்தார். நானும் அதைத்தான் செய்தேன். எனக்கும் அவருக்கும் வித்தியாசம் வேண்டுமானால், ஒரே இடத்தில்தான் காட்ட முடியும், அந்தப் பில்லில்.

மூன்றாம் நாள் வைத்தியசாலைக்குப் போனேன். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பகவதி, அவ உனக்கு யாரு?"

"எனக்கு கோல் அடிச்சவங்க."

"மீதி சிகிச்சைக்கு நாப்பதாயிரம் ஆகும். உன் கூலி எனக்குத் தெரியும்."

"கொஞ்சம் கொஞ்சமாத் தர்றேன். நிறுத்தாதீங்கம்மா."

ஹைக்கேயிடம் ஷீபா விஷயத்தைச் சொன்னபோது அவள் தலையசைத்தாள், சில்லறை சரியாக இருக்கிறது என்று பார்க்கிற கடைக்காரி மாதிரி. கட்டிப்பிடிக்கவில்லை, கண் கலங்கவில்லை. மறுநாள் மாலை பயிற்சிக்கு வந்தாள். நான் விழுந்தேன். "டூ ஏர்லி" என்று கத்தினாள். சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

சிகிச்சை முடிந்து, தன் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து போனாள். இப்போதும் ரொட்டிக் கடையில்தான் நிற்கிறாளாம், தன் சொந்த மூட்டில். வருஷப் பிறப்புக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வரும். முழங்கால் மட்டும் இருக்கும், முகம் இருக்காது. வாழ்த்து எழுதுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஆகவே பிள்ளைகளே, கோலில் நிற்கும்போது யாரும் கேட்காமலே ஒருத்தியைக் காப்பாற்ற வேண்டி வரலாம். கைதட்டை எதிர்பார்க்காதீர்கள். நன்றியையும் எதிர்பார்க்காதீர்கள். அதற்கான பில் உங்கள் பேருக்கு வரும். வாங்கிக்கொள்ளுங்கள். கட்ட முடியாது என்றால் பந்தைத் தொடாதீர்கள். பேசாமல் வலது பக்கம் விழுந்து கிடங்கள்.

போன மாதம் கொடுத்தது போக, வைத்தியசாலைக்கு நான் இன்னும் தர வேண்டியது ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.